ஒரு பிடி கீரையும் ஒரு லாரி கான்கிரீட்டும்

அந்த கான்கிரீட் கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர்களில் பெண் ஒரே ஒருத்திதான். எல்லாருக்கும் அவள் சர்க்கரை அக்கா. முதுகில் பெரிய உருளையைத் தூக்கிக்கொண்டு, அதைச் சுற்றவிட்டபடியே சாலையில் ஆடி அசைந்து போகுமே, அதுதான் அவள் வண்டி. சிமெண்டும் ஜல்லியும் மணலும் தண்ணீரும் கலந்து உருளைக்குள் விழுந்த நிமிடத்திலிருந்து அவளுக்குக் காலில் சக்கரம் கட்டின மாதிரி. போய்ச் சேர்ந்து கொட்டும் வரை உருளை நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இருப்பது இறுகிப் பாறையாகிவிடும். அப்புறம் ஆள் உள்ளே இறங்கி, உளியும் சுத்தியலுமாக நாள் கணக்கில் உடைத்து எடுக்க வேண்டியதுதான்.

சர்க்கரை என்ற பெயர் வந்த கதையைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இன்னும் சொல்கிறார்கள். ஒருமுறை வழியில் டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்து சாலையே அடைத்துக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. உருளைக்குள் முழு லோடு; சுற்றிக்கொண்டே இருந்தாலும் நேரமானால் அது இறுகத்தான் செய்யும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேறு யாராக இருந்தாலும் மேனேஜருக்கு போன் போட்டு அழுதிருப்பார்கள். இவள் இறங்கி, பக்கத்து மளிகைக் கடைக்குள் புகுந்து, இருக்கிற சர்க்கரையை எல்லாம் மூட்டையோடு தூக்கச் சொன்னாள். சர்க்கரை விழுந்தால் சிமெண்டுக்கு இறுகுகிற புத்தியே போய்விடும். அந்த லோடு வீண்தான், ஆனால் வண்டி பிழைத்தது. இந்த அம்மா எத்தனை பேருக்கு டீ போடப் போகிறாளோ என்று மளிகைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாராம்.

கம்பெனியில் இப்படிக் கொடி பறந்தாலும் வீட்டில் நிலவரம் வேறு. கணவன் ஓர் ஆபீஸ் கேன்டீனில் சமையல்காரன். அதிகம் பேச மாட்டான். ஆனால் ஒரு வாய் ருசி பார்த்தால் என்னென்ன போட்டிருக்கிறது என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவான். அவன் மனைவி லாரி ஓட்டுவதில் அவனுக்குப் பெருமைதான். அவன் அம்மாவுக்குத்தான் அது தலைகுனிவு. தெருவில் யாராவது மருமகளைப் பற்றிக் கேட்டால், "ஒரு கம்பெனியில வேலை பாக்குறா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விடுவார். அந்த வீட்டு அடுப்பில் எந்நேரமும் பால் காய்ந்துகொண்டிருப்பதாகத்தான் தெரு நம்பியது.

இடது கால் ஆடுசதை வீங்கிச் சிவந்தபோது சர்க்கரை அக்கா கிளட்சைத்தான் திட்டினாள். இரும்பு மாதிரி இருக்கிற கிளட்சை நாள் முழுக்க மிதித்தால் கால் வீங்காமல் பூவாகவா பூக்கும்? தொடையிலும் கையிலும் ஊதா நிறத்தில் வலை பின்னியது போலக் கோடுகள் ஓடியதையும் அவள் பார்த்திருந்தாள். வண்டியில் ஏசி அதிகம், குளிரில் தோல் அப்படி ஆகிறது என்று அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பி வாசல் படி இறங்கியவள் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸ் பின்னாலேயே மாமியார் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை வரை ஓடினார் என்பது இவளுக்கு அப்போது தெரியாது.

காலில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று கிளம்பிப் போய் நுரையீரலில் அடைத்துக்கொண்டிருந்தது. ஊசியும் ஆக்ஸிஜனுமாக அவளை மீட்டுவிட்டார்கள். பார்க்க வந்த அக்கம்பக்கத்தினர், பெயரை வைத்துக்கொண்டு, "சர்க்கரைதானே? காலை ஜாக்கிரதையா பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆளுக்கு ஒரு நோயைச் சொன்னார்களே தவிர, உண்மையான நோயின் பெயர் யார் வாயிலும் நுழையாது. அதைக் கண்டுபிடித்தது ரத்த நோய்களுக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா. எப்போதும் சிரித்த முகம். அபூர்வமான நோயைப் பார்த்த சந்தோஷத்தை நோயாளிக்கு முன்னால் மறைக்கத் தெரியாத வெகுளி.

"டிரைவரம்மா, உங்க ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல வெச்சா உறையறதுக்கு எல்லாரையும் விட அதிக நேரம் எடுக்குது. உடம்புக்குள்ள என்னடான்னா அவசர அவசரமா உறையுது! இந்த வியாதியோட குறும்பே அதுதான்."

"அதெப்படி டாக்டர்?"

"கிருமி வந்தா அடிச்சு விரட்ட நம்ம உடம்புல காவல் இருக்கு இல்லையா, அதுக்கு உங்க விஷயத்துல புத்தி கொஞ்சம் பிசகிடுச்சு. சொந்த ரத்தத்துல இருக்கற பொருளையே எதிரின்னு நினைச்சுப் போய் ஒட்டிக்குது. அந்தக் கலவரத்துல ரத்தம் உறைஞ்சுடுது."

"எங்க கேட் வாட்ச்மேன் மாதிரி" என்றாள் சர்க்கரை அக்கா. "வெளியாளை எல்லாம் உள்ள விட்டுட்டு, முதலாளி காரை அரை மணி நேரம் நிறுத்தி வெச்சாரு."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, அந்த வாட்ச்மேனை வேலையை விட்டு நீக்க முடியாது, அவர் செய்கிற கலாட்டாவில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தும் அதே முடிவுதான் வந்தது. தினமும் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ஒரு ரத்தப் பரிசோதனை. அதில் வரும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும். கூடினால் சின்னக் காயம்கூட நிற்காமல் ஒழுகும்.

மாத்திரையை அவள் ஒழுங்காகத்தான் போட்டாள். கூடவே தன் கைவைத்தியமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். கட்டிட வேலை நடக்கிற இடத்தில் கான்கிரீட் கெட்டியாக வந்தால் மேஸ்திரிகள் செய்கிற வேலை அது. "அக்கா, ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துங்க, இளகிடும்" என்று கெஞ்சுவார்கள். பலம் போய்விடும் என்று இத்தனை வருஷமாக ஒரு சொட்டு ஊற்ற விடாதவள், சொந்த உடம்பு என்று வந்ததும் மேஸ்திரியாகிவிட்டாள். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர், "குடிங்க, நல்லதுதான். ஆனா இந்தக் கோளாறை அது சரி பண்ணாது" என்றார். மாத்திரை ரத்தத்தை நீர்க்க வைப்பதே இல்லை, உறைவதைத்தான் தள்ளிப் போடுகிறது என்றும் சொன்னார்.

சர்க்கரை அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். தூரத்து வேலைக்குப் போகிற லோடில் கம்பெனியிலேயே ஒரு திரவம் கலப்பார்கள். அதை எல்லாரும் 'மருந்து' என்றுதான் சொல்வார்கள். கலவை நீர்த்துப் போகாது, பலம் குறையாது, இறுகுவது மட்டும் தாமதமாகும். தினமும் சுமந்துகொண்டு திரிந்த விஷயம் தன் உடம்புக்கு என்று வந்ததும் மறந்துபோன கூத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

நோய் புரிந்துவிட்டது. வண்டிதான் கிடைக்கவில்லை. எண் நிலையாக நிற்கிறது என்று டாக்டர் சொன்னால்தான் சாவி என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை லோடு அனுப்புகிற அறையில், ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வழி சொல்கிற வேலை. அவள் வண்டி முற்றத்து மூலையில் தூசி பிடித்து நிற்பது அந்த ஜன்னல் வழியாக நன்றாகத் தெரியும். பெரிய மருத்துவமனைக் கட்டிடம் ஒன்றின் அடித்தளத்துக்கு இரவும் பகலும் கான்கிரீட் கொட்டுகிற வேலை வரப்போகிறது. "அதுக்குள்ள நீங்க ரெடின்னா வண்டி உங்களுக்கு. இல்லன்னா புது டிரைவரைப் போட்டுடுவேன் அக்கா. எனக்கு வேற வழியில்ல" என்றார் மேனேஜர். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் நல்லவராக இருப்பதால் மட்டும் வண்டி ஓடாது.

எண்ணோ அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு தடவை சரியாக வரும், அடுத்த தடவை தொபுக்கடீர் என்று விழும். மாத்திரை அளவைக் கூட்டினால் எகிறும். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு குறைந்துவிட்டது. "மாத்திரையை விடறீங்களா? வேற ஏதாவது நாட்டு மருந்து? கீரை?"

"கீரையைக் கண்ணாலகூடப் பாக்குறதில்ல டாக்டர்."

அது உண்மைதான். கீரைக்கும் இந்த மாத்திரைக்கும் ஆகாது, கீரை கூடினால் எண் விழும் என்று கேட்ட அன்றே, பயந்துபோய் வீட்டுக்குள் கீரைக்கு வாசலை அடைத்துவிட்டாள். மாமியார் அதைக் கேட்டு மூக்கின் மேல் விரலை வைத்தார். "கீரை கூடாதுன்னு சொல்ற டாக்டரும் உண்டா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் வாயே திறக்கவில்லை. தினமும் மத்தியானத்துக்கு ஒரு பிளாஸ்கில் பயறு சூப் மட்டும் ஊற்றிக் கொடுப்பார். மாமியார் கையால் வாங்கிக் குடிக்கிற பாக்கியம் இத்தனை வருஷத்தில் இப்போதுதான் வாய்த்தது என்று மருமகளும் சொட்டு விடாமல் குடித்தாள்.

குட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றும் பிளாஸ்க் வந்தது. கணவன் அதிலிருந்து மூடியில் கொஞ்சம் ஊற்றி, சும்மா ஒரு வாய் குடித்தான். குடித்தவன் கண்ணை மூடிக்கொண்டான். கேன்டீனில் அவன் அப்படி மூடினால் உதவியாளர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

"பயறு. மிளகு. பூண்டு." கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான். "கீரை. வேகவெச்சு, அரைச்சு, வடிகட்டியிருக்கு."

மாமியார் துடைத்த மேடையையே மறுபடி துடைத்தார்.

"அம்மா, எவ்வளவு நாளா இது?"

"தினமுமா குடுத்தேன்?" என்றார் மாமியார். "முகம் வெளுத்திருந்தா ரெண்டு பிடி, இல்லன்னா ஒரு பிடி. தெம்பா இருந்தா அதுவும் இல்ல."

சர்க்கரை அக்காவுக்கு எண் ஏறி இறங்கிய மர்மம் அந்த நொடியில் விளங்கிவிட்டது. நிறம் தெரியக் கூடாது என்று கறுப்புப் பயறு, வாசம் தெரியக் கூடாது என்று மிளகும் பூண்டும். கடத்தல்காரர்கள் பிச்சை வாங்க வேண்டும். அவளுக்கு வந்த கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது.

"என் வண்டியே கைவிட்டுப் போகப்போகுது அத்தை! உங்களாலதான்! நான் லாரி ஓட்டுறது உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். அதுக்காக இப்படியா?"

மாமியார் துணியை வீசிவிட்டுத் திரும்பினார். "வண்டி போனா போகட்டும்டி! நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அன்னைக்கு வாசப்படியில நீலமாகிக் கிடந்தியே, நான்தானே தூக்கினேன்? ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரையைக் குடுக்குறானுங்க, ரத்தம் ஊறுறதுக்குக் கீரையும் கூடாதுங்குறானுங்க. பாத்துக்கிட்டு சும்மா இருப்பேனா?"

மாமியார் தன்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்பதுதான் சர்க்கரை அக்கா மனதில் நின்றது. அது அவளுக்கு இனித்தது.

மறுநாள் மாமியாரைக் கம்பெனிக்கு அழைத்துப் போனாள். ஜல்லி மலைகளையும் வானத்துக்கு நிமிர்ந்த சிமெண்ட் தொட்டிகளையும் பார்த்து மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாட்ச்மேன் வழக்கம்போல ஆளை விட்டுவிட்டு பிளாஸ்கை நிறுத்தி வைத்துச் சோதனை போட்டார். கான்கிரீட்டின் பலம் பார்க்கச் சோதனைக் கட்டைகள் வார்க்கிற கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மருமகள் அவர் முன்னால் இரண்டு பக்கெட் கான்கிரீட்டை வைத்தாள். இரண்டும் ஒரே கலவை. ஒன்றில் மட்டும் மருந்து.

"எது கெட்டி, எது தண்ணி? சொல்லுங்க அத்தை."

மாமியார் சூப்புக்காகப் பையில் கொண்டுவந்திருந்த கரண்டியை எடுத்து இரண்டையும் குத்திப் பார்த்தார். கரண்டி இரண்டிலும் ஒரே மாதிரிதான் இறங்கியது. "ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்படியே இருங்க."

மாமியார் அப்படியே இருந்தார். வெயில் ஏறி இறங்கியது. அதற்குள் கொட்டகை ஆட்களிடம் குடும்ப விவரமெல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். சாயங்காலம் மறுபடி கரண்டியை எடுத்தார். மருந்து போடாத பக்கெட்டில் கரண்டி 'டங்' என்று எகிறியது. மற்றதில் காலையில் போனது போலவே வழுக்கிக்கொண்டு போனது. மாமியார் முகத்தில் வியப்பு கொப்பளித்தது.

"அப்ப இதுக்குப் பலம்?"

மருமகள், மருந்து போட்டு முன்பே வார்த்து ஆற வைத்திருந்த கட்டை ஒன்றை எடுத்து நசுக்குகிற இயந்திரத்துக்குள் வைத்தாள். முள் ஏறிக்கொண்டே போனது. போக வேண்டிய அளவையும் தாண்டிய பிறகுதான் கட்டை படீர் என்று வெடித்தது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு குறையும் இல்ல அத்தை. என் ரத்தமும் இப்படித்தான். நீர்த்துப் போகல, குறைஞ்சும் போகல. மெதுவா உறையணும், அவ்வளவுதான்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றார் மாமியார்.

அந்த வாரமே மூன்று பேருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். மாமியார் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தலை மட்டும் குனியவில்லை. கேட்டு முடித்ததும் டாக்டரம்மாவின் பழைய சிரிப்பு திரும்பிவிட்டது.

"கீரையே கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன் டிரைவரம்மா? ஏறி இறங்கக் கூடாதுன்னுதானே சொன்னேன். தினமும் ஒரே அளவு சாப்பிட்டா, அதுக்குத் தகுந்த மாதிரி நான் மாத்திரையை வெச்சுக்குவேன்." மாமியார் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களே குடுங்க. ஆனா முகத்தைப் பாத்து அளக்காதீங்க. அளவைப் பாத்துக் குடுங்க."

மாமியார் அப்போது மருமகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வழக்கு ஜெயித்த வக்கீல் தோற்றுப்போவார். பயந்து நடுங்கிப் பாதியைக் காதில் வாங்காமல் வந்தது தானேதான் என்று சர்க்கரை அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அந்தச் சமையலறை கான்கிரீட் கம்பெனியாகிவிட்டது. கணவன் கேன்டீனில் பழசாகிப்போன தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். மாமியார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு பிடி கீரையை நிறுப்பார். முள் ஓர் இம்மி தாண்டினால் ஓர் இலையைக் கிள்ளி எடுத்துவிடுவார். மருமகள் சோர்ந்து தெரிந்த ஒரு நாள் அவர் கை தன்னை அறியாமல் கீரைக்கட்டுக்குப் போனது. "ஐயோ, முகத்தைப் பாக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி நின்று நிறுத்தார். கணவன் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான்.

எண் அடங்கியது. இரண்டரை. அடுத்த தடவையும் கிட்டத்தட்ட அதே. அதற்கடுத்த தடவையும் கோட்டுக்குள்ளேயே நின்றது. வண்டி ஓட்டலாம், ஆனால் நடுநடுவே இறங்கிக் காலை நீட்டி நடக்க வேண்டும், அடிபட்டால் உடனே வர வேண்டும் என்று ஆயிரம் பத்திரம் சொல்லி டாக்டரம்மா அனுப்பி வைத்தார். மேனேஜர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தபோது முற்றத்தில் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. தூசி பிடித்த தன் வண்டியின் கதவில் கை வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

மருத்துவமனை அடித்தள வேலை தொடங்கிய அன்று போன முதல் லோடே அவளுடையது. உருளையைச் சுற்றவிட்டுக் கிளம்பினாள். போகிற வழி அவள் தெருமுனையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். முனையை நெருங்கும்போதே கார்களும் ஸ்கூட்டர்களும் முட்டி மோதிக்கொண்டு நிற்பது தெரிந்தது. யாரும் யாருக்கும் வழி விடவில்லை. போச்சுடா என்று பிரேக்கில் காலை வைத்தாள்.

அப்போது கூட்டத்தின் நடுவில் கரண்டி ஒன்று உயர்ந்தது.

சமையலறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார் போலும். மாமியார் நட்ட நடுச் சாலையில் நின்று இந்தப் பக்கத்து வண்டிகளை இடது கையாலும் அந்தப் பக்கத்து வண்டிகளைக் கரண்டியாலும் நிறுத்திக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அடுப்பில் பால் இருப்பதை அவர் மறந்துவிட்டார்.

"ஓரமா போங்கய்யா! அந்த லாரி நிக்கக் கூடாது, நின்னா உள்ள உறைஞ்சிடும்! வழி விடுங்க, வழி விடுங்க!"

"யாரு வண்டிம்மா அது?" என்று ஒரு ஸ்கூட்டர்காரர் எரிச்சலோடு கத்தினார்.

"என் மருமக வண்டி!" என்று மாமியார் தெருவே கேட்கக் கத்தினார். "என் மருமகதான் ஓட்டுறா!"

வழி பிறந்தது. சர்க்கரை அக்கா நிற்கவில்லை. நின்று ஒரு வார்த்தை பேச ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கக் கூடாது என்று இப்போது அத்தைக்கே தெரியும். ஹாரனை நீளமாக ஒரு தடவை அடித்துவிட்டு, கலங்கிய கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கியரை மாற்றிப் போய்க்கொண்டே இருந்தாள். பக்கத்து இருக்கையில் சூடான பிளாஸ்க் இருந்தது.